மாதோட்டக் கரையில் அன்பின் வழி வந்த வேதம்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தை அடைந்து, மாந்தையையும் திருக்கேதீச்சரத்தையும் பின்னே விட்டு, பூநகரியை நோக்கி வடக்கே செல்லும் பெருவழியிற் சிறிது தூரம் போனால், கண்டற் காடுகளும் சேற்று வெளிகளும் ஆழமற்ற கடலும் சூழ்ந்த ஒரு மீனவர் ஊர் எதிர்ப்படும். அதுவே விடத்தல்தீவு. நண்டையும் இறாலையும் மீனையும் நம்பி வாழும் கத்தோலிக்கரும், அவர்களோடு அயலவராய்ப் பல தலைமுறை உறவாடிய முஸ்லிம்களும் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அவ்வூர் மகா வித்தியாலயம் தூய யோசேவாஸ் என்னும் குருவின் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறது. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டு கோவாவிற் பிறந்து, கண்டி மாநகரில் மரித்து, மூன்று நூற்றாண்டுகள் கடந்துபோன ஒருவரை, பாக்குநீரிணையின் ஓரத்திலுள்ள ஒரு தமிழ்ச் சிற்றூர் ஏன் தன் பிள்ளைகளின் கல்விச்சாலைக்குக் காவலராக வரித்துக்கொண்டது என்று வினவுவோமாயின், அவ்வினாவுக்கு விடையாக இக்கரையின் கிறிஸ்தவ சரித்திரம் முழுவதையுமே சொல்லவேண்டியதாகும்.

அச்சரித்திரம் ஒரு வெற்று நிலத்தில் தொடங்கியதன்று. மாதோட்டம் என வழங்கும் இப்பிரதேசம், கிறிஸ்துவின் நாமம் இங்கே ஒலிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, கீழ்த்திசைக் கடல் வாணிகத்தின் பெருந்துறையாய் விளங்கியது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய கேதீச்சரம் இங்கே இருந்தது. அராபிய வணிகர் வந்து தங்கி, அவர் வழியில் இஸ்லாம் வேரூன்றியதும் இக்கரையிலேயே. ஆகவே, இங்கு வேதம் போதிக்க வந்தவர் எவரும், தெய்வ பக்தியை அறியாத மக்களிடம் வந்தவரல்லர். ஆழ்ந்த பக்தியும் நீண்ட நாகரிகமும் உடைய மக்களிடம் விருந்தினராய் வந்தவரே. அந்த உண்மையை உணர்ந்து நடந்தவர் யார், உணராது நடந்தவர் யார் என்பதே இவ்வரலாற்றைப் பகுத்துக் காட்டும் எல்லைக்கோடு.

கடலுக்கு அப்பால், தமிழகத்தின் தென்கரையிலுள்ள முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஆம் ஆண்டு முதலாகத் திரள் திரளாய் ஞானஸ்நானம் பெற்றனர். அக்காலத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது எதிரிகளிடமிருந்து பாதுகாப்பு. போர்த்துக்கேயர் அதனை அளித்தனர். ஆனால் பரதவர் ஏற்றுக்கொண்ட மார்க்கம் இன்னதென்பதை அவர்கள் மொழியிலே எடுத்துச் சொல்வார் எவரும் அப்போது இலர். அக்குறையை நீக்கவே அர்ச்சியசிஷ்ட பிரான்சிஸ்கு சவேரியார் 1542ஆம் ஆண்டு அக்கரைக்கு வந்தார். இரு மொழியும் சிறிது அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழாக்குவித்து, தாமே மனனம் செய்து, கையில் மணியொன்றை ஏந்தித் தெருத்தெருவாய் நடந்து சிறுவர்களை அழைத்துக் கற்பித்தார். 1544ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வடுகப் படையினர் குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாட, மக்கள் கடலிடைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடியலாயினர். செய்தி கேட்ட சவேரியார் இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டு, எதிர்க்காற்றோடு பல நாள் போராடியும் கரைசேர முடியாமற் திரும்பி, பின்பு கால்நடையாகவே அவர்களிடம் சென்றார். தம் உடனூழியர் மன்சிலாசுக்கு அவ்வாண்டில் அவர் எழுதிய கடிதங்களிற் திரும்பத் திரும்ப வரும் புத்திமதி, மக்களைப் பொறுமையோடு சகித்து அவர்களுடைய அன்பைச் சம்பாதிக்கவேண்டும் என்பதே.

அந்த 1544ஆம் ஆண்டிலேதான் மன்னாரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. முத்துக்குளித்துறையில் நிகழ்ந்தவற்றைக் கேள்வியுற்ற மன்னார் மக்கள், தமக்கும் வேதம் போதிக்க வருமாறு ஆள் அனுப்பினர். தாம் போகக் கூடாதபடி அல்லற்பட்டிருந்த சவேரியார் ஒரு குருவை அனுப்பி வைத்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களை, யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் படையோடு வந்து வெட்டுவித்தான். மாண்டவர் அறுநூறு பேருக்கு மேல் என்பது வழிவழி வரும் கணக்கு. தன் குடிகள் அந்நிய வல்லரசின் சமயத்திற் சேர்வது தன் இராச்சியத்துக்கு ஆபத்தாய் முடியும் என்று மன்னன் அஞ்சினான். பிற்காலச் சம்பவங்களை நோக்கும்போது அவனுடைய அச்சம் காரணமற்றதெனச் சொல்வதற்கில்லை. ஆயினும் ஆயுதமற்ற மீனவரையும் பெண்களையும் பாலகரையும் கொன்ற பாதகத்துக்கு அவ்வச்சம் நியாயமாகாது. தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களின் நினைவை இன்றளவும் காத்து வருகிறது.

இக்கொலைச் செய்தி கேட்டபின் நிகழ்ந்ததையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்பவேண்டுமெனச் சவேரியாரும் விரும்பினார். அப்படையை எதிர்பார்த்து 1545ஆம் ஆண்டில் நாகபட்டினத்தில் காத்திருந்தார். அப்போது பர்மாவின் பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையிலே தட்டி, அதன் பொருள்கள் மன்னன் கையிற் சிக்கின. அவற்றை மீட்கும் கவலை மேலிட்டதனாற் படையெடுப்புக் கைவிடப்பட்டது. வேதசாட்சிகளின் இரத்தத்திலும் வணிகச் சரக்கே ஓர் அரசாங்கத்துக்கு அருமையாய்த் தோன்றியதென்றால், சுவிசேஷத்தை அரசாங்கத்தின் தோளில் ஏற்றுவது எத்துணை அபாயகரமானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பரிசுத்தராகிய சவேரியாருங்கூட வாளின் உதவியை நாடிய அவ்விடத்தில், அவர் வகுத்த அன்பின் வழியே அவருக்கு மேலான போதகமாய் நிற்கிறது.

1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்து வந்து, முடிவில் மன்னாரைக் கைப்பற்றி, அங்கே கோட்டை அமைத்தான். புன்னைக்காயல் முதலிய ஊர்களிலிருந்து பரதவக் குடும்பங்கள் மன்னாரிலே குடியேற்றப்பட்டன. அன்றுமுதல் ஏறக்குறைய நூறு ஆண்டு இக்கரையிற் கோட்டையும் கோயிலும் அடுத்தடுத்து நின்றன. திருக்கேதீச்சரம் இடிக்கப்பட்டு அதன் கற்களும் கோட்டைச் சுவரில் ஏறின என்று சைவ மக்கள் இன்றும் மனம் நொந்து சொல்லுவர். ஒருவருடைய தெய்வ சந்நிதியைத் தகர்த்துவிட்டு அவரிடம் தெய்வத்தின் அன்பைப் பிரசங்கிப்பது எங்ஙனம்? அக்காயம் நூற்றாண்டுகள் கடந்தும் ஆறவில்லை. 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அத்தலத்தைப் புதுப்பிக்குமாறு சைவ மக்களை நோக்கி விண்ணப்பித்தபோது, அவ்விண்ணப்பத்தின் பின்னே அந்நெடிய துயரமும் நின்றது.

ஆயினும், அதே கோட்டையின் நிழலில், அதற்கு முற்றிலும் மாறான வேறொரு பணியும் நடைபெற்றது. அண்டிறிக்கி அடிகளார் எனத் தமிழர் அழைத்த என்றிக்கே என்றிக்கசு 1546ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்து, 1600ஆம் ஆண்டில் மரித்தார். பரதவர் மன்னாருக்குப் பெயர்க்கப்பட்டபோது அவரும் அவர்களோடு பெயர்ந்து வந்து இங்கே வசித்தார். மொழிபெயர்ப்பாளரைக்கொண்டு பேசுவது தம் மக்களுக்குச் செய்யும் அநீதியெனக் கருதி, இராப்பகலாய்த் தமிழைப் பயின்று, அதற்கோர் இலக்கணமும் எழுதினார். உடனிருந்த குருமாரும் தம்முள் தமிழிலேயே பேசவேண்டுமென விதித்தார். நோயாளருக்காக மருத்துவமனை நடத்தினார். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பாரத நாட்டில் அந்நாட்டு மொழியொன்றின் எழுத்திலே அச்சான முதல் நூல். பதினாறு பக்கமே கொண்ட அச்சிறு நூலை அச்சிடுதற்கு வேண்டிய பொருளை உதவியவர் முத்துக்குளித்துறைப் பரதவரே. 1586ஆம் ஆண்டில் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. மன்னார்க் கோட்டையைக் கட்டியவர்களின் நாமங்களை இன்று தேடிப் படிக்கவேண்டியிருக்கிறது; அண்டிறிக்கியாரின் நாமமோ தமிழ் அச்சு வரலாற்றின் முதற் பக்கத்திலே நிலைத்துவிட்டது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் பின் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருவுக்குப் புகலிடம் அளிப்பவருக்கு மரண தண்டனையென அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் புதிய ஆட்சியாளரின் திருச்சபைக்கு உரியவாயின. முதலியார் பதவியும் நில உரிமையும் விவாகப் பதிவும் வேண்டுமாயின் ஒல்லாந்தரின் பள்ளிக்கூட ஏட்டிற் பெயர் பதியவேண்டியதாயிற்று. பெயர் பதிந்தோர் தொகை பெருகியது. ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் அக்கட்டாயம் நீங்கியபோது, அப்பெருந்தொகையினரில் மிகப் பலர் தத்தம் பழைய சமயங்களுக்கே திரும்பினர். பயத்தினாலும் பதவி ஆசையினாலும் வந்த விசுவாசம் அவ்விரண்டும் நீங்கியவுடன் நீங்கிற்று என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இவ்வுபத்திரவ காலத்திற் குருமாரின்றித் தவித்த கத்தோலிக்கரைத் தாங்கி நின்றவர் சாதாரணக் குடிமக்களே. மூப்பர்மார் இரவிற் கூடிச் செபமாலை சொல்லுவித்தனர். தாய்மார் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் செவிவழி கற்பித்தனர். 1670ஆம் ஆண்டில், மாந்தையிலிருந்த தேவதாயாரின் சுரூபத்தை இருபது குடும்பத்தார் எடுத்துக்கொண்டு, யானைகளும் சர்ப்பங்களும் உலாவிய வன்னிக் காட்டினுள்ளே சென்று மருதமடுவில் ஒளித்து வைத்தனர் என்பது மடுத்தலத்தின் வரலாறு. துன்புற்றோர் தங்கள் துன்பத்தோடு கொண்டுபோய் வைத்த மாதாவிடம், பிற்காலத்திலே தமிழரும் சிங்களவரும், கிறிஸ்தவரும் சைவரும் பௌத்தரும் ஒருங்கே வந்து வணங்கத் தலைப்பட்டனர். விஷக்கடிக்கு அருமருந்தென மடுத்தல மண்ணைத் தம் வீடுகளுக்கு எடுத்துச் செல்வோர் எல்லாச் சமயத்திலும் உளர். எவரையும் வாதத்தால் வெல்ல முயலாத அத்தலம் எல்லோரையும் தன்னிடம் வரச்செய்தது.

மந்தை மேய்ப்பனற்றிருந்த அந்நிலையிலேதான் யோசேவாஸ் வந்தார். 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனவுலிமில் பிராமண வமிசக் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றி வாடுவதைக் கேள்வியுற்று மனங்கலங்கி, 1687ஆம் ஆண்டில், யோவான் என்னும் பணியாளனோடு, தாமும் கூலிக்காரனைப்போல் அரையில் ஒரு துணியுடுத்தி, தூத்துக்குடியிலிருந்து தோணியேறி யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கினார். அவருக்கு முன்னே கொடி பிடித்த கப்பலில்லை, பின்னே காவற்படையில்லை, கையிற் பொருளுமில்லை. வழியிலே பற்றிய வயிற்றோட்டத்தால் நலிந்து, வீதியோரத்தில் பிச்சைக்காரனாய்க் கிடந்து, வீட்டுக்கு வீடு இரந்துண்டு, தம் கழுத்தில் அணிந்திருந்த செபமாலையைக் கண்டு முகம் மலர்பவர் யாரென்று நோக்கியே மறைந்திருந்த விசுவாசிகளை இனங்கண்டார். சில்லாலை மக்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவரை ஒளித்து வைத்தனர். அவர் இரவிலே பூசை நிறைவேற்றிப் பகலிலே மறைந்தார். பின்னர்ப் புத்தளம் சென்று, அங்கிருந்து கண்டிக்குப் போக, போர்த்துக்கேய வேவுகாரன் என்ற சந்தேகத்தால் 1692ஆம் ஆண்டில் சிறையிலிடப்பட்டார். சிறையிலிருந்தபோதே சிங்களத்தைக் கற்றார். பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் அவருடைய குற்றமற்ற வாழ்வைக் கண்டு, அவர் விரும்பியபடி நடமாடவும் போதிக்கவும் இடமளித்தான்.

1697ஆம் ஆண்டில் கண்டியிலே பெரிய அம்மை நோய் பரவியது. அரச குடும்பமும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். நோயாளரை அவர்தம் உறவினரே காட்டிற் கொண்டுபோய் விட்டுத் திரும்பினர். யோசேவாஸ், தம் மருகராகிய யோசே கர்வாலோ என்னும் குருவோடு, அக்காடுகளினுள்ளே புகுந்து, கிடந்தவர்களுக்குக் குடிசை கட்டி, கஞ்சி காய்ச்சி ஊட்டி, புண்களைக் கழுவி, இறந்தவரைத் தம் கைகளாலேயே குழிதோண்டி அடக்கம் செய்தார். நோயாளி எந்தச் சமயத்தவன் என்று அவர் கேட்டதில்லை. தீட்டுக்கு அஞ்சும் குலத்திற் பிறந்த ஒருவர் சீழும் இரத்தமும் துடைத்ததைக் கண்ட நகரம், அதற்குமுன் கேட்டிராத ஒரு பிரசங்கத்தைக் கேட்டது. அப்பெரியார் 1711ஆம் ஆண்டு தை 16ஆம் நாள் கண்டியில் மரித்தார்; 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத் திடலில் அவரைப் பரிசுத்தர் பட்டியலிற் சேர்த்து, அன்று பிற்பகலே மடுத்தலத்துக்கும் வந்து, போரால் நொந்த தமிழரையும் சிங்களவரையும் ஒருங்கே ஆசீர்வதித்தார்.

யோசேவாசின் பின்னே வந்த கோவாக் குருமார் மாந்தைப் பிரதேசத்தையும் தம் பணித்தலங்களுள் ஒன்றாகக் கொண்டனர். அவர்களுள் 1705ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் வல்லவராகி, இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். அவர் செய்த 'வியாகுலப் பிரசங்கம்' தபசு காலத்திலே தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. மன்னார் மாதோட்ட மக்கள் தாமும் தம் அண்ணாவிமார் வாயிலாக, தமிழ்க் கூத்து மரபை வேதசரித்திரத்துக்கு உரியதாக்கி, மூவிராசாக்கள் கதையையும் எண்டிறீக்கு எம்பரதோர் கதையையும் விடியவிடிய ஆடினர். மத்தளமும் தாளமும் பாட்டும் இம்மண்ணுக்கே உரியன; அவற்றினூடே வந்தபோது கிறிஸ்துவின் கதை அந்நியர் கதையாய்த் தோன்றாமல், ஊரவர் தம் கதையாய் மாறியது.

அண்மைக்கால யுத்தத்திலும் இப்பாரம்பரியம் சோதிக்கப்பட்டது. வங்காலைப் பங்குக் குருவாகிய மேரி பஸ்தியான் அடிகளார், அல்லலுற்ற மக்களுக்காகப் பரிந்து பேசி, தம் மக்களை விட்டகலாதிருந்து, 1985ஆம் ஆண்டு தை 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990ஆம் ஆண்டு ஐப்பசியில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, விடத்தல்தீவு முஸ்லிம்களும் வீடுவாசலையும் பள்ளிவாசலையும் விட்டு வெறுங்கையராய்ப் போயினர். ஒரே கடலில் வலை வீசிய அயலவரை இழந்த அவ்வூரின் துயரம், நம் எல்லோருடைய மனச்சாட்சியிலும் பதிந்திருக்கவேண்டியது. 2008ஆம் ஆண்டு சித்திரையில், போர் மடுவை நெருங்கியபோது, மாதாவின் சுரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து, விடத்தல்தீவுக்கு வடக்கே அக்கடலோரத்திலுள்ள தேவன்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. ஆவணியில் மடுவுக்குத் திரும்பியது. அவ்விடைக்காலத்திலே, ஆடி மாத நடுவில், விடத்தல்தீவு இராணுவத்தின் கையில் வீழ்ந்தது. ஊரவர் அகதிகளாய்ச் சிதறிப் பின்னர் மெல்ல மெல்லத் திரும்பினர்.

யுத்தம் முடிந்த பின்னரும் கத்தோலிக்கராகிய நமக்கு ஒரு சோதனை வந்தது. 2019ஆம் ஆண்டு மகா சிவராத்திரிக்கு முந்திய நாள், திருக்கேதீச்சரம் செல்லும் வீதியில் அமைக்கப்பட்ட அலங்கார வளைவொன்றைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். நானூறு ஆண்டுக்கு முன் தகர்க்கப்பட்ட ஆலயத்தின் அடியார்களுக்கு அச்செயல் எவ்வளவு வேதனை அளித்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அன்று பிடுங்கப்பட்டது ஒரு வளைவு மாத்திரமன்று. அண்டிறிக்கியாரும் யோசேவாசும் தம் வாழ்நாளெல்லாம் கொடுத்துச் சம்பாதித்த நன்மதிப்பிலும் ஒரு பங்கு அன்று குலைந்தது.

இச்சரித்திரத்தை நடுவுநிலையோடு ஆராய்வோர் அடையும் தீர்ப்பு ஒன்றே. இக்கரையிற் சட்டத்தாலும் சலுகையாலும் சேர்க்கப்பட்ட விசுவாசம், சட்டமும் சலுகையும் ஒழிந்தபோது தானும் ஒழிந்தது. மொழியைக் கற்று, பசித்தவனோடு பசித்து, நோயுற்றவனைத் தொட்டு, இறந்தவனை அடக்கம் செய்தவர்கள் விதைத்ததோ, அரசுகள் நான்கு மாறியும் அழியவில்லை. தம் விசுவாசத்தைப் பிறருக்கு அறிவிக்கும் ஆவல் உண்மையான கிறிஸ்தவன் எவனுக்கும் இயல்பே. அதனை விட்டுவிடும்படி எவரும் அவனிடம் கேட்கவேண்டியதில்லை. ஆனால் மன்னார் மாதோட்டக் கத்தோலிக்கராகிய நாம், அவ்வாவலோடு வெளியே புறப்படுமுன், வேலிக்கு அப்பாலுள்ள சைவருடைய திருவிழாவுக்கு வழிவிட்டோமா, ஊர் திரும்பிய முஸ்லிம் சகோதரனின் காணிக்கும் கடலுரிமைக்கும் துணை நின்றோமா, போரிலே மகனை இழந்த சிங்களத் தாயின் கண்ணீரையும் நம் செபத்திற் சேர்த்தோமா என்று நம்மை நாமே விசாரித்துக் கொள்ளக் கடவோம். இவற்றைச் செய்யாமற் செய்யும் பிரசங்கம் எதுவும் இக்கரையில் நின்றதில்லை; இனி நிற்கப்போவதுமில்லை.